வலிக்காத இடம்

கல்பாக்கத்தில் துருப்பிடிக்காத பொருளே கிடையாது என்று அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்லிக்கொள்வார்கள். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கிணற்று ராட்டினம், வாசல் பூட்டு எல்லாவற்றுக்கும் அங்கே ஆயுள் பாதிதான். புதுப்பட்டினத்தில் இரும்புக் கதவு விற்கும் கடைக்காரர் கதவின் விலையைச் சொன்ன மூச்சிலேயே பெயிண்டின் விலையையும் சொல்லிவிடுவார். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் ஒரு கோட்டை கட்டினார்கள். இடிந்து சரிந்தும் ஏதோ ஒரு கோலத்தில் அது இன்றைக்கும் நிற்கிறது. இரும்பால் கட்டியிருந்தார்களானால், கோட்டை இருந்த இடத்தைச் செம்மண் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

உப்புக்குப் பயப்பட வேண்டியவர்கள் கடற்கரைவாசிகள் மட்டும் அல்ல. நம் உடம்புக்குள் ஓடும் ரத்தமும் ஒருவகையில் உப்புத் தண்ணீர்தான். கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு என்றால், ரத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கடலுக்கு இல்லாத ஒரு சௌகரியம் ரத்தத்துக்கு உண்டு. மார்கழி என்றும் சித்திரை என்றும் பாராமல் 37 டிகிரி வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சின்னக் கடலுக்குள் ஓர் உலோகத் துண்டை இருபது வருஷம், முப்பது வருஷம் போட்டுவைத்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கல்பாக்கத்து விஞ்ஞானிகளே கேட்டிருக்கிறார்கள். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த காமாட்சி முதலி, பல்தேவ் ராஜ் ஆகியோர் ஸ்ரீதர் என்பவருடன் சேர்ந்து 2003-இல் 'சாதனா' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனித உடம்புக்குள் பொருத்தும் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்பதுதான் அதன் பொருள். அணு உலைக்காரர்களுக்கு இடுப்பு மூட்டில் என்ன ஜோலி என்று கேட்கத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருடைய கவலையும் ஒன்றே. ஒரு முறை உள்ளே வைத்து மூடிவிட்டால், பிறகு கையால் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்கவேண்டும்.

என் சித்தப்பா ஒருவர் கல்பாக்கத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். விஞ்ஞானி அல்ல, டெக்னீஷியன். குழாயும் குழாயும் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே பிடித்து, அந்தப் பிலிமை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து, மயிரிழை விரிசல் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சித்தி சமைத்த ரசத்தில் உப்புக் குறைந்தால் அவருக்குத் தெரியாது; ஆனால் வீட்டுச் சுவரில் கீறல் விழுந்தால் சுண்ணாம்புக்கு அடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

2005-ஆம் வருஷம் அவருக்கு 57 வயது. தொடை எலும்பின் தலைப் பக்கத்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய், எலும்பு உளுத்து, நடக்கவே முடியாமல் போயிற்று. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். இடுப்பு எலும்பின் குழியில் ஓர் உலோகக் கிண்ணம். அதற்குள் பிளாஸ்டிக்கில் ஓர் உட்கிண்ணம். தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டு. தண்டின் தலையில் உருளும் ஒரு குண்டு. ஆறே வாரத்தில் சித்தப்பா கைத்தடியை மூலையில் சாத்திவிட்டார். ஆறு மாதத்தில் கடற்கரை மணலில் காலை, மாலை இரண்டு வேளையும் நடந்தார். வருஷா வருஷம் வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் 2006-இல் போனார், 2007-இல் போனார். அப்புறம் போகவில்லை. "நல்லா இருக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போறது, கடன் வாங்காதவன் வட்டி கட்டப் போற மாதிரி" என்பது அவருடைய சித்தாந்தம்.

பதினான்கு வருஷம் அந்தச் சித்தாந்தத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. 2021-இல் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த சிநேகிதர் ஒருவர், அவரும் மூட்டு மாற்றிக்கொண்டவர்தான், குளியலறையில் லேசாக வழுக்கினார். விழக்கூட இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்ன அதிர்ச்சிக்கே தண்டைச் சுற்றியிருந்த தொடை எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு உள்ளுக்குள் எப்போதோ மெலிந்துபோயிருந்தது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னாராம். அன்று ராத்திரி சித்தி எனக்குப் போன் செய்தாள்.

மேலே கதையைச் சொல்வதற்கு முன்னால், எலும்பு ஏன் மெலிகிறது என்பதைச் சொல்லிவிடவேண்டும். அதில் ஒரு கதாநாயகரும் இருக்கிறார்.

ஜான் சார்ன்லி என்பவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் இருந்த அறுவை வைத்தியர். இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு அவரைத் தகப்பனார் என்று சொல்லலாம். 1950-களின் கடைசியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்ளானைத் தேர்ந்தெடுத்தார். இன்று நம் வீட்டுத் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே சரக்குதான். வழவழவென்று இருக்கும், உராய்வு குறைவு. சுமார் 300 பேருக்கு அதைப் பொருத்தினார். மூட்டு வலியால் வருஷக்கணக்கில் தவித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த தூள் மூட்டைச் சுற்றிச் சேர்ந்து, எலும்பைக் கெடுத்தது. தாம் பொருத்திய மூட்டுகளைத் தாமே வெட்டி எடுக்கவேண்டிய துர்ப்பாக்கியம் அவருக்கு வந்தது.

சார்ன்லி சும்மா இருக்கவில்லை. டெஃப்ளான் தூளைத் தம் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு, உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தார். அந்த இடம் கட்டி கட்டியாக வீங்கிற்று. அதற்குள் 1962-இல் ஒரு விற்பனைப் பிரதிநிதி அந்த ஆஸ்பத்திரிக்கு வேறொரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்காகச் செய்யப்பட்ட பாலிஎத்திலீன் அது. சார்ன்லி அதில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டாராம். அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் மட்டும் அதை யந்திரத்தில் மாட்டித் தேய்த்துப் பார்த்தார். தேய்வு மிகமிகச் சொற்பம். அதே வருஷம் நவம்பரில் அந்தப் பிளாஸ்டிக் முதன்முதலாக ஒரு மனித இடுப்புக்குள் போயிற்று. காஞ்சிபுரத்துத் தறிகளின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தறிச் சக்கரக் கதை கொஞ்சம் சொந்தமாகத் தோன்றலாம்.

ஆனால் சொற்பத் தேய்வும் தேய்வுதானே? பழைய வகைப் பாலிஎத்திலீன் வருஷத்துக்கு 1 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் அது சாதாரணம். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். அந்தத் தேய்வு தூளாக உதிரும்போது ஒவ்வோர் அடிக்கும் லட்சக்கணக்கான துகள்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான துகள் ஒவ்வொன்றும் தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. நம் உடம்பின் காவல்காரச் செல்கள் இந்தத் துகள்களைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. விழுங்கியதை ஜீரணிக்க முடியாமல் கூச்சல் போடுகின்றன. அந்தக் கூச்சலைக் கேட்டு, எலும்பை அரிப்பதையே தொழிலாகக் கொண்ட வேறு செல்கள் வந்து பக்கத்து எலும்பைத் தின்ன ஆரம்பிக்கின்றன. வெகுகாலம் இந்தக் குற்றத்தை மூட்டைப் பிடித்துவைக்கும் சிமென்ட்டின் தலையில் போட்டார்கள். சிமென்ட் இல்லாமல் பொருத்திய மூட்டுகளிலும் அதே அரிப்பு வந்த பிறகுதான் குற்றவாளி தூள் என்று தெரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எலும்பு உழைத்தால்தான் உரமாக இருக்கும். ஜெர்மன் வைத்தியர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை எழுதிவைத்தார். விண்வெளிக்குப் போனவர்களின் இடுப்பு எலும்பு, சுமை இல்லாததால், மாதத்துக்கு ஒரு சதவிகிதத்துக்கு மேல் குறைகிறது. செயற்கை மூட்டிலும் அதே சங்கதி. கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் ஒருவன் உழைத்துக் கொட்டினால் தம்பி திண்ணையில் படுத்துவிடுகிறான் அல்லவா? கெட்டியான உலோகத் தண்டு பாரத்தையெல்லாம் தானே சுமக்கிறது. பக்கத்து எலும்பு சோம்பி மெலிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்கும் வலி இல்லை. பழைய வீட்டு நிலைப்படியைக் கறையான் அரிப்பதுபோலத்தான். மேலே வார்னிஷ் பளபளவென்று இருக்கும். கதவு ஒழுங்காகத் திறக்கும், மூடும். ஆசாரி வந்து விரல் மொட்டால் தட்டிப் பார்த்தால்தான் உள்ளே ஓசை மாறியிருப்பது தெரியும். மூட்டு ஆட ஆரம்பிக்கும்போதோ, எலும்பு முறியும்போதோதான் வலி வரும். அதற்குள் நிலைப்படியே போயிருக்கும்.

சித்தியின் போன் வந்த மறுநாள் புதுப்பட்டினத்துக்குப் போனேன். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"வலி இருந்தா போறேண்டா. வலியே இல்லாம டாக்டர் எதிர்ல போய் உக்காந்து என்னன்னு சொல்றது?" என்றார்.

"முப்பது வருஷமா குழாய்களைப் படம் எடுத்தீங்களே, சித்தப்பா. வலிக்குதுன்னு அதுங்க சொல்லியா எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

சித்தப்பா பேப்பரை மடித்து வைத்தார். பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, சித்தியின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அவர் தேடியது பழைய பிலிம். அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு பாகத்தை வேலைக்கு விடுவதற்கு முன்னாலேயே முதல் படம் எடுத்துவிட வேண்டும். பிறகு சில வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் படங்களை அந்த முதல் படத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். தனியாக ஒரு படம் ஊமை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பேசும். பழுது வந்த பிறகு பரிசோதிப்பதற்கு அந்தத் தொழிலில் பரிசோதனை என்றே பெயர் இல்லை.

பீரோவில் கிடைத்தது ஒரே ஒரு பிலிம்தான், 2006-இல் எடுத்தது. மற்றொன்று என்ன ஆயிற்று என்று விசாரித்ததில், 2019 டிசம்பர் 26-ஆம் தேதி சூரிய கிரகணத்தன்று பேரப்பிள்ளைகள் அதை நான்காக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டாகக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்த விவரம் வெளியாயிற்று. கண்ணுக்கும் கெடுதல், இடுப்புக்கும் கெடுதல் என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

செங்கற்பட்டில் புதுப் படம் எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா இரண்டு படங்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொண்டார். எக்ஸ்ரே படம் உள்ளதைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும். எவ்வளவு பெரிதாக்கியது என்று தெரியாமல் அளந்தால் கணக்குத் தப்பும். ஆனால் மூட்டின் குண்டு 28 மில்லிமீட்டர் விட்டம் என்று ஆபரேஷன் சீட்டில் எழுதியிருந்தது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். குண்டுக்கும் உலோகக் கிண்ணத்தின் மேல் ஓரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி, பதினைந்து வருஷத்தில் 3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அப்படியானால் வருஷத்துக்குப் பத்தில் இரண்டு பங்கு. சாதாரணத் தேய்வைப்போல் இரண்டு மடங்கு. கிண்ணத்துக்கு மேலே எலும்பில் புகைபோல ஒரு கறுப்புத் திட்டும் தெரிந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும்.

"இந்தப் படத்தை நம்பக் கூடாது" என்றார் சித்தப்பா.

"ஏன், நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"நாங்க பற்றவைச்ச இடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்துல வெவ்வேறு கனத்துல மெல்லிசுக் கம்பிகளை வைச்சு எடுப்போம். படத்துல எந்தக் கம்பி வரைக்கும் தெரியுதோ, அந்தப் படத்தோட கண் பார்வை அவ்வளவுதான்னு அர்த்தம். இதுல அந்தக் கம்பி இல்லையே. இது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது வைத்திய சாஸ்திரத்துக்கும் பொருந்துகிறது. எக்ஸ்ரே படம் என்பது நிழல். முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த நிழல். எலும்பின் சத்தில் சுமார் 30 சதவிகிதத்துக்கு மேல் போன பிறகுதான் சாதாரணப் படத்தில் குறைவு கண்ணுக்குத் தெரியும் என்கிறார்கள். உலோகக் கிண்ணத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் எலும்பையோ உலோகத்தின் நிழலே மறைத்துவிடுகிறது. ராண்ட்ஜன் 1895 டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தாரே, எக்ஸ்ரேயின் சரித்திரத்திலேயே மிகப் புகழ்பெற்ற அந்தப் படத்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. அந்த அம்மாளின் விரலில் ஒரு மோதிரம். விரல் எலும்பெல்லாம் தெரிகிறது. மோதிரத்துக்கு அடியில் இருப்பது மட்டும் தெரியவில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் வேறு படங்கள் வந்தன. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த யந்திரத்தில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் எக்ஸ்ரே பாய்ச்சி, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, வாழைக்காயைச் சீவினாற்போல் வில்லை வில்லையாகக் காட்டும் வித்தை அது. 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வில்லைக்குள் உலோகம் இருந்தால் வந்தது வினை. கதிர் உலோகத்தைத் தாண்டி வர முடியாமல், படம் முழுவதும் கம்பி மத்தாப்பு கொளுத்தினாற்போல் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறும். பிற்பாடு அந்தக் கீற்றுகளைக் கணக்காலேயே துடைத்தெடுக்கும் வழிகளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் கிண்ணத்துக்குப் பின்னால் குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று கன அளவாகவே சொல்ல முடிந்தது.

தண்டைச் சுற்றியுள்ள எலும்புக்கு டெக்ஸா என்று வேறு ஒரு முறை உண்டு. வலு வேறுபட்ட இரண்டு வகைக் கதிர்களைப் பாய்ச்சி, சதையைக் கழித்து, உலோகத்தை ஒதுக்கி, எலும்பின் அடர்த்தியை மட்டும் எடை போடும் தராசு என்று சொல்லலாம். தண்டைச் சுற்றிய எலும்பை ஏழு வட்டாரங்களாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறார்கள். 1979-இல் குரூன் என்பவர் வகுத்த பிரிவினை அது. கண்ணுக்குத் தெரியாத நாலைந்து சதவிகித மாற்றத்தைக்கூட இந்தத் தராசு சொல்லிவிடும். ஆனால் பாதத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே கோணத்தில் வைக்கவேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் எடை மாறிவிடும். அதோடு, ஆபரேஷனுக்குப் பின் முதல் வருஷத்தில் எல்லோருக்குமே எலும்பு கொஞ்சம் குறையும். அதைப் பார்த்து அலறக் கூடாது. இதற்காகத்தான் இந்த முறை பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்களின் கையிலேயே இருக்கிறது.

சித்தப்பாவுக்கு டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. கல்பாக்கத்தில் வேலை செய்தவர்கள் வாங்கும் கதிர்வீச்சைச் சட்டைப்பையில் குத்திய பட்டையைக் கொண்டு கணக்கெடுப்பார்கள். வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. "முப்பது வருஷமா ஒவ்வொரு மாசமும் எண்ணி எண்ணி வாங்காம தப்பிச்சேன். ரிட்டயர் ஆன பிறகு ஒரே நாள்ல பல மில்லிசீவர்ட்டை வாங்கிக்கோன்னா?" என்றார் சித்தப்பா. டாக்டர் சிரிக்கவில்லை. இயற்கையிலேயே நாம் ஒவ்வொருவரும் வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம் என்பதை எடுத்துச் சொன்னார். வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை என்றார். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு தடவை எடுத்து அளந்துவிட்டால், அப்புறம் சாதாரணப் படமே போதும் என்றார். கணக்குத் தெரிந்தவருக்குக் கணக்காலேயே பதில் சொன்னதில் சித்தப்பாவுக்குத் திருப்தி.

எக்ஸ்ரேயில் புளியங்கொட்டையாக இருந்தது, ஸ்கேனில் பெரிய நெல்லிக்காயாக இருந்தது. குழி கிண்ணத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது. வலி அப்போதும் இல்லை. அன்று காலையில்கூட மனிதர் கடற்கரையில் மூன்று மைல் நடந்துவிட்டு வந்திருந்தார்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு மனிதன் வலி தாங்காமல் எடுக்கும் முடிவுகளைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன். எந்த வலியும் இல்லாமல், சாப்பாடு ருசியாக இருக்கும்போது, ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்போது, ஒரு காகிதத்தில் பார்த்த நிழலை நம்பிக் கத்திக்குக் கீழே படுத்துக்கொள்வது என்பது எப்படிப்பட்ட முடிவு என்று அந்த இரண்டு மாதத்தில்தான் அருகிலிருந்து பார்த்தேன். சித்தப்பா பேசாமல் இருந்தார். ஒருநாள் செய்துவிடலாம் என்பார். மறுநாள், 73 வயதுக்கு இனி எத்தனை நாள், இருக்கிறதை வைத்து ஓட்டலாம் என்பார். சித்தி வேளைக்கு ஒரு தெய்வத்தை வேண்டிக்கொண்டாள்.

கடைசியில் அவரே டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "கிண்ணம் ஆடுதா?"

"இதுவரை ஆடவில்லை. எலும்போடு கெட்டியாகத்தான் இருக்கிறது."

"ஆட ஆரம்பிச்சா?"

"அப்போது கிண்ணத்தையே எடுக்கவேண்டும். புதிதாக வைப்பதற்கு எலும்பு மிஞ்சியிருக்கிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும்."

"அப்ப இப்பவே செஞ்சிடுங்க."

2022 பிப்ரவரியில் ஆபரேஷன் நடந்தது. உலோகக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. தேய்ந்த உட்கிண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, குழியை எலும்புத் துணுக்குகளால் நிரப்பினார்கள். புதிய உட்கிண்ணமும் பாலிஎத்திலீன்தான். ஆனால் கதிர்வீச்சால் பதப்படுத்தி, உள்ளே இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிட்ட வகை. 1990-களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் உள்ள இந்த வகை, பழையதைவிட மிகமிகக் குறைவாகத் தேய்கிறது. இதைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு ஏக சந்தோஷம். வாழ்நாளெல்லாம் எந்தக் கதிர்வீச்சுக்கு எட்ட நின்றாரோ, அதுவே பதம் செய்த பொருள் இடுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய வகைப் பிளாஸ்டிக் பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுப்பது என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் டாக்டர் வரச் சொன்னால், வலி இல்லையே என்று போகாமல் இருந்துவிடக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இப்போது மூட்டு மாற்றுகிறார்கள். கூலி வேலை செய்கிறவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், நோவே இல்லாத இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருவது சுலபமான காரியம் அல்ல என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் இது முக்கியம். எலும்பு முறிந்தால் அவன் இழப்பது ஒரு நாள் கூலி அல்ல.

பின்தொடர்ந்து பார்க்காததன் விலை என்ன என்பதை நம் தேசம் ஒரு தடவை பெரிய அளவிலேயே கண்டது. உலோகக் குண்டு உலோகக் கிண்ணத்திலேயே உருளும்படி செய்த ஒருவகை இடுப்பு மூட்டை, ஜான்சன் அண்டு ஜான்சனைச் சேர்ந்த டிப்யூ கம்பெனி 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெற்றது. அளவுக்கு மீறி உதிர்ந்த உலோகத் துகள்கள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தன. உலகத்தில் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு. இவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனையும் படப் பரிசோதனையும் உடனே தேவைப்பட்டன. மத்திய சர்க்கார் 2017-இல் நிபுணர் குழு அமைத்து விசாரித்தபோது, நம் நாட்டில் சுமார் ஆயிரம் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்திருந்தது. மற்ற மூவாயிரத்துச் சொச்சம் பேரும் யார், எந்த ஊர் என்றே தெரியவில்லை.

அந்த மூவாயிரம் பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் இடுப்புக்குள் இருக்கும் பொருளின் பெயர் தெரியும்? எத்தனை வீட்டில் அந்த ஆபரேஷன் சீட்டு மளிகைக் கணக்கோடு போயிற்றோ, முதல் படம் கிரகணத்தோடு போயிற்றோ! வயல் வரப்பில் வழுக்கியவனும், கோவில் படியில் கால் மடங்கியவளும், "வயசாச்சு, எலும்பு வலு இல்லை" என்ற சமாதானத்தோடு கட்டிலில் விழுந்திருப்பார்கள். காரணம் வேறு என்று சொல்ல எவருக்கும் தகவல் இருந்திராது.

ஆகையால் உங்கள் வீட்டில் மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர் யாராவது இருந்தால், இன்று சாயங்காலம் பீரோவைத் திறந்து பாருங்கள். ஆபரேஷன் சீட்டு, அதில் ஒட்டிய மூட்டின் பெயரும் எண்ணும், முதன்முதலில் எடுத்த படம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தக் காலத்தில் படம் பிலிமாக இல்லாமல் வட்டத் தகட்டில் இருக்கலாம், போனிலே இருக்கலாம். எப்படி இருந்தாலும் ஒரு பிரதி எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளுங்கள். பெரியவர் "எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தானே நடக்கிறேன்" என்று சொல்லுவார். சந்தோஷம்தான். நன்றாக நடக்கும்போதே ஒரு தரம் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.